ஏல யார்டில் டிராக்டர் இன்ஜின் சூடாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்

ஏலத்துக்கு நிற்கும் டிராக்டரைப் பார்க்கப் போனால், ஆர்.சி. புக்கைக் கேட்பதற்கும் முன்னால் பானட்டைத் தூக்கி இன்ஜின் பிளாக்கில் கை வையுங்கள். சூடு தெரிந்தால், நீங்கள் வருவதற்குள் யாரோ ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வெயிலில் நிற்கிற வண்டியில் எல்லா இரும்பும்தான் சுடும் என்பவர்கள் பின் ஆக்சிலையும் தொட்டு ஒப்பிட்டுக்கொள்ளலாம். "காலையில தண்ணி அடிச்சுக் கழுவ நகர்த்தினோம் சார்" என்பார்கள். எங்களிடமும் அதைத்தான் சொன்னார்கள்.

நானும் என் மச்சானும் சேர்ந்து புதுச்சேரிக்கு வெளியே ஒரு யார்டில் ஏலம் எடுத்தது மாஸி 1035. தவணை கட்டாததால் சீஸ் பண்ணிய வண்டி. மூன்று சிலிண்டர் சிம்சன் இன்ஜின், குறிஞ்சிப்பாடி பக்கம் எந்தப் பட்டறையிலும் சாமான் கிடைக்கும் என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தோம். விடியற்காலையில் வருகிறோம் என்றதற்கு, பதினொரு மணிக்கு மேல்தான் கேட் திறப்போம் என்று விட்டார்கள். போனோம். சாவியைத் திருகியதுமே பிடித்தது. புகை இல்லை, ஆயில் பிரஷர் முள் நன்றாக மேலே நின்றது. முழுப் பணத்தையும் கட்டி, லாரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, மறுநாள் காலை செல்ஃப் அடித்தால் இன்ஜின் சுற்றுகிறதே தவிர பிடிக்கவே இல்லை. சைலன்சரில் வெள்ளைப் புகை மட்டும் வந்துகொண்டிருந்தது.

நெல்லிக்குப்பத்திலிருந்து வந்த மெக்கானிக் ஆயில் ஸ்டிக்கை உருவி, இரண்டு விரலால் தொட்டுப் பிரித்துக் காட்டினார். சொட்டவில்லை, ஜீராப் பாகு மாதிரி நூலாக இழுத்தது. "கியர் ஆயில கலந்து ஊத்திருக்கானுங்கண்ணே" என்றார். தேய்ந்த இன்ஜினில் கெட்டி ஆயில் ஊற்றினால் புகை குறையும், பிரஷர் முள் ஏறி நிற்கும், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் இடுக்கில் கசிவதும் கொஞ்ச நேரத்துக்கு அடங்கும். யார்டில் எங்களை ஏமாற்றியது அந்த ஆயிலும் முன்கூட்டியே ஏற்றி வைத்த சூடும்தான்.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை நெருக்கும்போது பிறக்கும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. ரிங்கும், அது உரசி ஓடும் சிலிண்டர் உள்சுவரான லைனரும் தேய்ந்தால் அந்தக் காற்று கீழே கசிந்துவிடும், குளிர்ந்த இன்ஜினில் பற்றும் அளவுக்குச் சூடு வராது. ஒருமுறை ஓடிச் சூடாகிவிட்டால் அதே தேய்ந்த இன்ஜின் சமர்த்தாகப் பிடித்துக்கொள்ளும்.

லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் என்று மொத்த வேலையும் பார்த்ததில் 70,000 ரூபாய்க்கு மேல் போனது. யார்டுக்குப் போன் செய்தால், "உள்ளது உள்ளபடின்னு கையெழுத்துப் போட்டுருக்கீங்களே சார்" என்ற ஒரே பதில். பழைய வண்டி பழையதாக இருப்பதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் ஆயிலை மாற்றி ஊற்றி, சூடேற்றி நிறுத்தி வைத்தால் அது எப்படி உள்ளது உள்ளபடி ஆகும்?

ஆகவே குளிர்ந்த வண்டியைத்தான் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். பேட்டரி வீக் என்று சாக்குச் சொல்ல இடம் தராமல் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பேட்டரி ஒன்றை நீங்களே கொண்டுபோங்கள். ஏர் கிளீனர் பக்கம் ஸ்பிரே அடிக்கவோ பெட்ரோல் துணி காட்டவோ யாரையும் விடாதீர்கள், தேய்ந்த இன்ஜினையும் அது பிடிக்க வைத்துவிடும். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றுங்கள். அங்கிருந்து குபுகுபுவென்று புகை தள்ளினால் பேக் கம்ப்ரஷன், அதாவது ரிங் இடுக்கில் காற்று கீழே கசிகிறது, இன்ஜின் வேலை காத்திருக்கிறது. சைலன்சரில் நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கறுப்புப் புகைக்குப் பெரும்பாலும் நாசில், பம்ப், அடைத்த ஏர் கிளீனர் காரணம், அது சமாளிக்கக்கூடிய செலவு. ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது.

தண்ணீர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணையில் வந்த வெள்ளத்தில் கடலூர், பாகூர் பக்கம் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று இங்கிருப்பவர்களுக்குத் தெரியும். அதில் மூழ்கிய வண்டி பெயின்ட் அடித்து ஏலத்துக்கு வந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. காற்றை ஆயிலில் வடிகட்டும் ஆயில் பாத் ஏர் கிளீனராக இருந்தால் அடிக்கிண்ணத்தைக் கழற்றி வண்டல் இருக்கிறதா பாருங்கள். செல்ஃப் மோட்டாரின் போல்ட்டுகளில் துரு ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மணி மீட்டரை நம்ப வேண்டாம், மாற்றுவது சுலபம். கிளட்ச் பெடல் வழவழவென்று தேய்ந்து, டிரெய்லர் மாட்டும் ஓட்டை முட்டை வடிவத்துக்கு இழுத்துப் போயிருந்தால் அது ஆலைக்குக் கரும்பு இழுத்த வண்டி. பின்னால் இருக்கும் லிஃப்டில் ஒன்பது கொத்து கலப்பையை மாட்டித் தூக்கி இன்ஜினை அணையுங்கள். கலப்பை இல்லையென்றால் இரண்டு பேர் லிஃப்டின் கைகளில் ஏறி நிற்கலாம். மளமளவென்று இறங்கினால் ஹைட்ராலிக்கில் வேலை இருக்கிறது.

பேப்பர் விஷயத்தில் நாங்கள் தப்பித்தோம், எல்லாரும் தப்புவதில்லை. சேசிஸ் நம்பரைப் பென்சில் பிரின்ட் எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். கடன் தீர்ந்ததற்கு ஃபாரம் 35, அல்லது ஃபைனான்ஸ்காரர் தன் பெயருக்கே ஆர்.சி. வாங்கியிருந்தால் அந்தப் புது ஆர்.சி., இதில் எது தருவார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். பி.ஒய். நம்பர் வண்டியைக் கடலூருக்குக் கொண்டுவந்து டி.என். நம்பர் வாங்குவதானால் புதுச்சேரி போக்குவரத்துத் துறையின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வேண்டும், அது ஃபாரம் 28. இதையெல்லாம் ஏலத்துக்கு முன்பே கேட்டு முடித்துவிடுங்கள். பணம் ஏறிய பிறகு அந்த நம்பரில் போனை எடுக்க ஆள் இருக்காது.