இலவச பாத ஸ்கேன் முகாமில் இன்சோல் வாங்குவதற்கு முன்

கல்யாண மண்டபத்திலும் அபார்ட்மென்ட் வளாகத்திலும் 'இலவச கம்ப்யூட்டர் பாதப் பரிசோதனை' என்று பேனர் கட்டி முகாம் போடுகிறார்கள். குதிகால் வலி இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

ஒரு தட்டின் மேல் வெறுங்காலோடு ஏறி நிற்கச் சொல்வார்கள். திரையில் பாதம் நீலம், பச்சை, சிவப்பு என்று விழும். குதிகாலில் இருக்கும் சிவப்பைக் காட்டி, "இங்கேதான் பிரச்சினை, விட்டால் முட்டி தேயும்" என்பார்கள். வெறுங்காலோடு நிற்கும்போது எடையில் பாதிக்கு மேல் குதிகாலில்தான் இறங்கும். வலியே இல்லாதவர் நின்றாலும் அங்கே சிவப்புதான். அந்தத் தட்டுக்கு அழுத்தம் மட்டுமே தெரியும். எலும்பு, நரம்பு, தசைநார் எதுவும் தெரியாது.

58 வயது அம்மா ஒருவர். சர்க்கரையைக் குறைக்க ஒரேயடியாக தினமும் ஒரு மணி நேர நடையைத் தொடங்கியவருக்கு ஒரு பக்கக் குதிகாலில் வலி வந்தது. முகாமில் 'தட்டைப் பாதம்' என்று சொல்லி 6,500 ரூபாய்க்கு இன்சோலை (காலணிக்குள் பாதத்துக்கு அடியில் வைக்கும் தாங்கி) விற்று, நடையை விடாதீர்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வலி கூடியதும் ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தார்கள். குதிகாலில் முள் போல எலும்பு வளர்ந்திருக்கிறது என்று ஊசி போடப் பேசினார்கள். அந்த முள் வலியே இல்லாத பலருக்கும் இருக்கும். எக்ஸ்ரேயில் தெரிந்தது என்பதால் மட்டும் அதுதான் வலிக்குக் காரணம் என்று ஆகாது.

அதுவரை யாருமே அவர் காலைத் தொட்டுப் பார்க்கவில்லை. கடைசியில் ஓர் எலும்பு மருத்துவர் குதிகாலின் இரு பக்கமும் உள்ளங்கையை வைத்து அழுத்தினார்; அம்மா துடித்துப்போனார். எலும்பில் மயிரிழை விரிசல். இத்தகைய விரிசல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். எம்.ஆர்.ஐ.யில் உறுதியானது. அதற்குத் தேவைப்பட்டது ஓய்வு. கிடைத்ததோ, நடையை விடாதே என்ற அறிவுரை!

ஒழுங்கான பரிசோதனைக்குப் பத்து நிமிடம் போதும், பெரும்பாலும் மெஷினே வேண்டாம். முதலில் கேள்விகள். காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடிகளில் சுரீரென்று குத்தி, கொஞ்சம் நடந்ததும் குறைகிறதா? குதிகாலின் அடியில் உள்பக்கம் கட்டைவிரலால் அழுத்தினால் அதே வலி வருகிறதா? பெருவிரலை மேலே வளைத்தால் கூடுகிறதா? அப்படியானால் உள்ளங்கால் சவ்வு அழற்சிதான் முதல் சந்தேகம். எரிச்சல், மரத்துப்போதல் இருந்தால் உள்கணுக்காலுக்குப் பின்னால் விரலால் தட்டிப் பார்ப்பார்கள். பாதத்துக்குள் மின்சாரம் பாய்ந்தாற்போல் இருந்தால் நரம்பு நெருக்கப்பட்டிருக்கலாம். முன்பாதத்தில், மூன்றாவது நான்காவது விரல்களுக்கு நடுவே வலித்தால் அதுவும் நரம்பாக இருக்கலாம். இளவயதுக்காரருக்கு இரண்டு குதிகாலும் வலித்து, காலையில் அரை மணிக்கு மேல் முதுகு இறுகியும் இருந்தால் மூட்டுவாத மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். பெருவிரல் மூட்டு திடீரென்று சிவந்து வீங்கினால், கவுட் என்ற மூட்டு நோயா என்று அறிய ரத்தத்தில் யூரிக் ஆசிட் அளவைப் பார்ப்பார்கள். வலி உச்சத்தில் இருக்கும்போது அது நார்மலாகவும் காட்டலாம் என்பதால், அடங்கிய இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

சர்க்கரை நோயாளிகள் இன்னும் கவனமாக இருங்கள். மோனோஃபிலமென்ட் என்ற, 10 கிராம் அழுத்தம் தரும் மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் பல இடங்களில் தொட்டு உணர்ச்சியைப் பார்க்காமல், கால் நாடியைத் தொட்டுப் பார்க்காமல் யார் இன்சோல் விற்றாலும் வாங்க வேண்டாம். உணர்ச்சி குறைந்த காலில் கெட்டியான விளிம்பு உரசிப் புண்ணானாலும் தெரியாது. ஒரு பாதம் மட்டும் சூடாக, சிவந்து வீங்கியிருந்தால், வலியே இல்லாவிட்டாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

இன்சோலே வீண் என்று சொல்லவில்லை. உள்ளங்கால் சவ்வு வலிக்கு அது உதவலாம். ஆனால் கடையில் கிடைக்கும் சில நூறு ரூபாய் ரெடிமேட் இன்சோலைவிட, அளவெடுத்துச் செய்தது பெரிதாக எதையும் சாதிப்பதில்லை என்றே ஆய்வுகளில் தெரிகிறது.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்களா? பில்லையும் ஸ்கேன் பிரிண்ட்டையும் பத்திரமாக வையுங்கள். பரிசோதித்தவரின் பெயரும் மருத்துவப் பதிவு எண்ணும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் கொடுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.