ஓராக்விக் வீட்டு எச்.ஐ.வி. கிட்: ஊசி கிடையாது, அவசரமும் கூடாது

அமெரிக்காவில் 2012-இல் அனுமதி பெற்ற கிட். எச்சில் சோதனை என்று பேச்சுக்குச் சொன்னாலும் துப்பும் வேலை இல்லை. எச்.ஐ.வி.யை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத்தான் ஈறோர ஈரத்தில் தேடுகிறது. சாப்பிட்டிருந்தாலும், வாய் கொப்பளித்திருந்தாலும் 30 நிமிடம் கழியட்டும். முதலில் கிட்டில் உள்ள திரவக் குப்பியைத் திறந்து ஸ்டாண்டில் நிறுத்திவிடுங்கள். ஒரு கையில் குச்சியோடு மூடியை மல்லுக்கட்டினால் திரவம் கொட்டி, கிட் வீண்.

குச்சியின் தட்டை முனையில் விரல் படாமல் பிடித்து, மேல் ஈறில் ஒரு இழுப்பு, கீழ் ஈறில் ஒரு இழுப்பு. நாக்கு, கன்னம் வேண்டாம். பிறகு குச்சியின் அந்த முனையைக் குப்பித் திரவத்தில் விட்டு, 20 முதல் 40 நிமிடத்துக்குள் பாருங்கள். தொற்று இருக்கலாம் என்று காட்டும் 'டி' கோடு மங்கலாகத் தெரிந்தாலும் ரத்தப் பரிசோதனைக்குப் போகத்தான் வேண்டும்.

பெரிய குறை: தொற்றுள்ள 12 பேரில் ஒருவரைத் தவறவிடும். 3 மாதத்துக்கு உட்பட்ட தொற்றென்றால் 'இல்லை' என்பதை நம்பாதீர்கள். எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. சிகிச்சை மாத்திரை எடுப்பவர்களுக்கு இது சரிவராது.