மாடல் 3: வண்டிக்கு நல்ல மார்க், டெலிவரிக்குத் தர மனமில்லை

கார் விமர்சனம் என்றால் ஓட்ட எப்படி இருக்கிறது, ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் போகும், சீட் வசதி எப்படி என்று எழுதுவோம். பணம் கட்டிய நாளிலிருந்து வண்டி கைக்கு வரும் நாள் வரை அந்தக் கம்பெனி நம்மை எப்படி நடத்தியது என்பதை எழுதுகிறவர்கள் குறைவு. டெஸ்லாவின் மின்கார் மாடல் 3 விஷயத்தில் அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் 2016 முதல் 2019 வரை அமெரிக்காவில் லட்சக்கணக்கான பேர் அந்த வண்டியை ஓட்டியதைவிட அதற்காகக் காத்திருந்த காலம்தான் அதிகம்.

2016 மார்ச் 31 அன்று வண்டியை அறிமுகப்படுத்தினார்கள். 1,000 டாலர் முன்பணம், அடிப்படை விலை 35,000 டாலர், 2017 கடைசியில் டெலிவரி தொடங்கும் என்று பேச்சு. வண்டியைக் கண்ணால் பார்க்கும் முன்பே ஷோரூம் வாசலில் வரிசை கட்டி நின்றார்கள். முதல் வாரத்திலேயே சுமார் 3.25 லட்சம் முன்பதிவு. 2017 ஆகஸ்டில் ரத்து செய்தவர்களைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் 4.55 லட்சம் பேர் வரிசையில் இருந்தார்கள். முன்பணத்தைக் கேட்டால் திருப்பித் தருவோம் என்று சொல்லியிருந்தார்கள், அந்த ஒரு விதி நல்ல விதி, அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

அப்புறம் 2017 ஜூலை 28, கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் ஆலையில் விழா வைத்து முதல் 30 கார்களைக் கொடுத்தார்கள். அதே நாளில் டெஸ்லாவின் தலைவர் எலான் மஸ்க், இனி குறைந்தது ஆறு மாதத்துக்கு உற்பத்தி நரகம்தான் என்று வெளிப்படையாகவே சொன்னார். சொன்னதோடு நிறுத்தியிருந்தால் சரி. ஆனால் அந்த ஆண்டு முடிவதற்குள் வாரத்துக்கு 5,000 கார் என்ற இலக்கையும் கைவிடவில்லை. நடந்தது என்ன? செப்டம்பரோடு முடிந்த காலாண்டில் 1,500 கார்கள் வரும் என்று எதிர்பார்த்தார்கள், வந்தவை 260. அடுத்த மூன்று மாதத்தில் 2,425. வாரத்துக்கு ஐயாயிரம் என்ற பேச்சு முதலில் 2018 மார்ச் கடைசிக்குத் தள்ளிப் போனது, பிறகு ஜூன் கடைசிக்கு. ஒவ்வொரு முறை தள்ளும்போதும் வரிசையில் இருந்தவர்களின் கணக்கில் காட்டிய டெலிவரி மாதமும் தள்ளிக்கொண்டே போனது. கடன் ஏற்பாடு செய்து வைத்தவர், பழைய வண்டியின் லீஸ் முடியும் தேதியை இதோடு பொருத்தி வைத்தவர், எல்லோருடைய திட்டமும் குலைந்தது.

எங்கே அடைத்தது என்று பார்த்தால் உண்மையிலேயே படிக்க வேண்டிய கதை. முதல் அடைப்பு ஃப்ரீமாண்டில் இல்லை, நெவாடாவில் ரீனோ நகருக்குப் பக்கத்தில் இருக்கும் ஜிகாஃபேக்டரி என்ற பேட்டரி ஆலையில். மாடல் 3-இன் நீண்ட தூர பேட்டரியில் 4,416 சிறு செல்கள், அவற்றை நான்கு மாட்யூல்களாக, அதாவது தொகுப்புகளாக, அடுக்கி ஒட்டி இணைக்க வேண்டும். செல்களை அதே வளாகத்தில் பானசோனிக் தயாரித்துக் கொடுத்தது. மாட்யூல் சேர்க்கும் இடத்தில்தான் எல்லாம் நின்றது. வெளி ஒப்பந்ததாரரிடம் விட்டிருந்த பகுதி சரியாக வரவில்லை, அந்த லைனின் மென்பொருளை முதலிலிருந்து மறுபடி எழுத வேண்டியிருந்தது என்று மஸ்க் முதலீட்டாளர்களிடம் விளக்கினார். அதுவரை மாட்யூல்களில் பெரும் பகுதி வேலை கையால் நடந்தது. கடைசியில் ஜெர்மனியில் இருந்த தங்களுடைய ஆலை இயந்திரங்கள் செய்யும் க்ரோமன் பிரிவில் ஒரு தானியங்கி லைனை முழுதாகச் செய்து விமானத்தில் ஏற்றி நெவாடாவுக்குக் கொண்டு வந்தார்கள். ஒரு கார் ஆயிரக்கணக்கான பாகங்களால் ஆனது, அதில் எந்தப் பாகம் மிக மெதுவாக வருகிறதோ அந்த வேகம்தான் மொத்த ஆலையின் வேகம். இதைக் கார் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் அறிவார்கள், அறிந்திருந்தும் இப்படி ஒரு தேதியை வெளியில் அறிவித்ததுதான் என் முதல் புகார்.

அடுத்தது ரோபோ மோகம். ஃப்ரீமாண்ட் ஆலை முன்பு ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் சேர்ந்து நடத்திய ஆலை, 2010-இல் டெஸ்லா வாங்கியது. அங்கே மனிதக் கை படாமல் கார் வெளியே வர வேண்டும் என்று கனவு கண்டு சிக்கலான கன்வேயர் வலை ஒன்றை அமைத்தார்கள், பிறகு அதையே பிடுங்கிப் போட்டார்கள். பேட்டரி பேக்கின் மேல் வைக்கும் கண்ணாடி இழை விரிப்பு ஒன்று இருந்தது. பஞ்சு போன்ற அந்தப் பொருளை எடுத்து வைக்க ஒரு ரோபோ, அதற்குப் பிடிக்கத் தெரியவில்லை, லைன் நின்றது. அந்த விரிப்பு எதற்கு என்று கேட்டுப் பார்த்து, அது உள்ள காரையும் இல்லாத காரையும் ஓட்டி சத்தத்தை ஒப்பிட்டால் வித்தியாசமே தெரியவில்லை. விரிப்பையே நீக்கிவிட்டார்கள். தேவையே இல்லாத ஒரு பாகத்துக்காக லட்சக்கணக்கான பேர் காத்திருந்த லைன் நின்றது என்றால் வடிவமைப்பு முடியும் முன்பே இயந்திரம் வாங்கத் தொடங்கிவிட்டார்கள் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். 2018 பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் சில நாட்கள் உற்பத்தியை மொத்தமாக நிறுத்தி லைனைச் சரிசெய்தார்கள். அந்த ஏப்ரலில்தான் மஸ்க், அளவுக்கு மீறிய தானியக்கம் தன்னுடைய தவறு, மனிதர்களைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம் என்று ஒப்புக்கொண்டார். பெரிய கம்பெனியின் தலைவர் இப்படிப் பகிரங்கமாகச் சொல்வது அரிது, அதற்கு மரியாதை உண்டு.

ஜூனில் ஆலை வளாகத்தில் ஒரு பெரிய கூடாரத்தைப் போட்டு அதற்குள் இன்னொரு அசெம்பிளி லைனை வாரக்கணக்கில் எழுப்பினார்கள். அதைப் பலர் கேலி செய்தார்கள், நான் செய்ய மாட்டேன். சுவரும் கூரையும் வண்டியின் தரத்தைத் தீர்மானிப்பதில்லை, அந்த லைனில் நின்று வேலை பார்த்த தொழிலாளர்கள்தான் ஜூன் கடைசி வாரத்தில் ஐயாயிரத்தைத் தாண்ட வைத்தார்கள். ரோபோவால் முடியாததை ஆள்கள் முடித்துக் காட்டினார்கள்.

சரி, வாரத்துக்கு ஐயாயிரம் வந்தாகிவிட்டது, வரிசை நகர வேண்டும் அல்லவா? இங்கேதான் அடைப்பு இடம் மாறியது. 2018 ஏப்ரல் முதல் ஜூன் வரை தயாரானவை 28,578 மாடல் 3. வாடிக்கையாளர் கைக்குப் போனவை சுமார் 18,400. காலாண்டு முடிந்த அன்று 11,166 கார்கள் வழியில் இருந்தன. இதில் வரிச்சலுகைக் கணக்கும் உண்டு: அமெரிக்காவில் ஒரு கம்பெனி 2 லட்சம் மின்கார்களை விற்று முடித்தால் அதற்கு அடுத்த காலாண்டு முடிந்ததும் வாங்குபவருக்கான 7,500 டாலர் வரிச்சலுகை பாதியாகும் என்பது அன்றைய விதி. டெஸ்லா அந்த எண்ணிக்கையை ஜூலையில் தொட்டது. ஜூனிலேயே தொட்டிருந்தால் முழுச் சலுகை செப்டம்பரோடு முடிந்திருக்கும், ஜூலையில் தொட்டதால் டிசம்பர் 31 வரை கிடைத்தது. அது வாங்கியவர்களுக்கு லாபமே, அதில் எனக்குக் குறை இல்லை.

குறை செப்டம்பரில். உற்பத்தி நரகத்திலிருந்து டெலிவரி போக்குவரத்து நரகத்துக்கு வந்துவிட்டோம் என்று மஸ்க்கே ட்விட்டரில் எழுதினார். கார்களை ஏற்றிச் செல்லும் டிரெய்லர் லாரிகள் போதவில்லை, நாங்களே டிரெய்லர் செய்யத் தொடங்கிவிட்டோம் என்றார். டீலர்கள் இல்லாமல் நேரடியாக விற்கும் கம்பெனி இது. மற்ற கம்பெனிகளுக்கு நாடு முழுக்க டீலர்களின் இடம் இருக்கிறது, ஆலையிலிருந்து வண்டி வெளியே வந்தால் எங்கோ ஒரு டீலரிடம் போய் நிற்கும், விளக்கிச் சொல்லவும் பத்திரம் போடவும் அங்கே ஆள் இருப்பார்கள். டெஸ்லாவுக்கு அந்த வேலை முழுக்கத் தன் தலையில். டீலர் இல்லாததால் பேரம் பேசும் தொல்லை இல்லை என்று பெருமையாகச் சொன்னார்கள், நியாயமான பெருமைதான், ஆனால் அந்த டீலர் செய்த வேலைக்கு மாற்று ஏற்பாட்டை உற்பத்தி பெருகும் முன்பே செய்து வைத்திருக்க வேண்டாமா? அந்த மாதக் கடைசியில் ஏற்கெனவே டெஸ்லா வைத்திருந்தவர்கள் சம்பளம் வாங்காமல் டெலிவரி மையங்களுக்குப் போய்ப் புதிதாக வாங்கியவர்களுக்கு வண்டியைச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த மனிதர்களின் அன்பு பெரிது. அந்த வேலைக்கு ஆள் வைக்காத கம்பெனிக்கு அதில் பெருமை இல்லை. அதே செப்டம்பரில் ஏழு வண்ணங்களில் இரண்டை வழக்கமான பட்டியலிலிருந்து எடுத்ததும் உற்பத்தியை எளிமையாக்கத்தான். அந்தக் காலாண்டில் 55,840 மாடல் 3 கைமாறின, அது அசாத்தியமான எண், மறுக்கவில்லை.

எனக்கு மனதில் தைத்த விஷயம் இதெல்லாம் இல்லை, வரிசையின் ஒழுங்கு. மூன்று மணி நேரம் நின்று முதலில் பணம் கட்டியவருக்கு முதலில் வண்டி வந்ததா? கம்பெனி ஊழியர்கள், ஏற்கெனவே டெஸ்லா வைத்திருந்தவர்கள், ஆலைக்கு அருகில் மேற்குக் கரையில் இருந்தவர்கள், அப்புறம்தான் மற்றவர்கள். அதைவிட முக்கியம், முதலில் செய்தது நீண்ட தூர பேட்டரியும் உயர்வகை உள்வேலைப்பாடும் சேர்த்து 49,000 டாலர் ஆகும் வண்டி மட்டும். 35,000 டாலர் வண்டி வேண்டும் என்பதற்காகவே பணம் கட்டியவர் நிற்க வேண்டியதுதான். அந்த விலையில் ஆர்டர் எடுக்கத் தொடங்கியது 2019 பிப்ரவரி 28. கணக்குப் போடுங்கள்: 2016-இல் பதிவு செய்தவர் சலுகை போக 27,500 டாலர் என்று எண்ணியிருப்பார். அவருடைய முறை வந்தபோது சலுகை 3,750 டாலராகச் சுருங்கிவிட்டது, ஆக 31,250. அதிகம் செலவழிக்க முடிந்தவருக்கு முழுச் சலுகை, முடியாதவருக்குப் பாதி. ஏப்ரலில் அந்த மலிவு வகையை இணையதளத்திலிருந்தும் எடுத்துவிட்டு ஃபோனிலோ கடையிலோ கேட்டால் தருவோம் என்றார்கள்.

கம்பெனி பிழைக்க வேண்டிய நிலை என்பது எனக்குப் புரிகிறது. 2017 நடுவிலிருந்து 2019 நடுவரை கடும் நெருக்கடி, திவாலுக்கு ஒரு மாதத் தொலைவில் இருந்தோம் என்று 2020-இல் மஸ்க் எழுதினார். லாபம் அதிகம் தரும் வண்டியை முதலில் விற்காவிட்டால் மலிவு வண்டி எப்போதுமே வந்திருக்காது. அப்படியென்றால் முன்பணம் வாங்கும் அன்றே, மலிவு வகை வர மூன்று ஆண்டு ஆகலாம், சலுகை குறையலாம் என்று எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். பதிவு செய்தவர்களில் ஒரு பகுதியினர் விலகியிருப்பார்கள், மீதிப் பேர் தெரிந்தே காத்திருந்திருப்பார்கள்.

2019-இல் ஐரோப்பாவுக்கும் சீனாவுக்கும் கப்பலில் அனுப்பத் தொடங்கியதும் இந்த டெலிவரி நெருக்கடி இன்னொரு வடிவம் எடுத்தது. காலாண்டின் தொடக்கத்தில் தூர நாடுகளுக்கான வண்டிகள், கடைசியில் உள்நாட்டுக்கு, எல்லாம் ஒரே நேரத்தில் போய்ச் சேரும். அந்த ஆண்டின் முதல் காலாண்டில் மொத்தம் சுமார் 63,000 டெலிவரி, அதில் பாதி கடைசி பத்து நாளில் நடந்தது. பத்து நாளில் முப்பதாயிரம் வண்டி கொடுக்க வேண்டும் என்றால் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எத்தனை நிமிடம் கிடைக்கும்? வழியில் மாட்டிக்கொண்டவை சுமார் 10,600, அந்தக் காலாண்டின் நஷ்டம் 70 கோடி டாலர். சீனாவுக்கான நெருக்கடிக்கு ஷாங்காய் ஆலை வந்தது, 2019 ஜனவரியில் அடிக்கல், டிசம்பர் 30-இல் முதல் கார்கள் கையில். அங்கே அவர்கள் பாடம் கற்றிருந்தது தெரிந்தது. ஆனாலும் கடைசி வார அவசரம் ஓயவில்லை: 2022 செப்டம்பரோடு முடிந்த காலாண்டில் 3,65,923 தயாரித்து 3,43,830 கொடுத்தார்கள், உச்ச வாரங்களில் லாரியும் கப்பலும் நியாயமான செலவில் கிடைப்பது கடினமாகிவிட்டது என்றும் இனி டெலிவரியைச் சீராகப் பரப்புவோம் என்றும் அறிவித்தார்கள்.

வண்டி எப்படி என்று கேட்டால் நல்ல வண்டி. 310 மைல், அதாவது கிட்டத்தட்ட 500 கிலோமீட்டர் ஓடும் மின்காரை இந்த விலை வட்டத்துக்குள் கொண்டு வந்தது சாதாரணமில்லை. 2018 மே மாதம், பொருள்களைச் சோதித்து மதிப்பிடும் அமெரிக்கப் பத்திரிகையான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் நடத்திய சோதனையில் 60 மைல் வேகத்திலிருந்து நிற்க 152 அடி எடுத்தது, பரிந்துரைக்க மறுத்தார்கள். சில நாட்களில் மென்பொருள் அப்டேட் அனுப்பி 133 அடியாகக் குறைத்துவிட்டார்கள், பரிந்துரையும் வந்தது. இந்த வேகத்தை வேறு எந்தக் கார் கம்பெனியிடமும் அன்று பார்க்க முடியாது. ஆனால் 2019 பிப்ரவரியில் அதே கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் நம்பகத்தன்மையைக் காரணம் காட்டிப் பரிந்துரையைத் திரும்பப் பெற்று நவம்பரில்தான் மறுபடி கொடுத்தது. கண்ணாடிக் குறை, பொருந்தாத பட்டைகள் என்று உரிமையாளர்கள் சொன்ன புகார்கள் அவசரமாக வெளியே தள்ளப்பட்ட வண்டியில் வரக்கூடியவைதான், மென்பொருளால் அவற்றைச் சரிசெய்ய முடியாது.

டெஸ்லா என்றில்லை, புதிய மின்கார் கம்பெனி எதுவானாலும் முன்பணம் கட்டும் முன் கேட்க வேண்டியதைக் கேளுங்கள்: எனக்கு வேண்டிய வகை இப்போது லைனில் இருக்கிறதா அல்லது அறிவிப்பில் மட்டும் இருக்கிறதா, பணம் திரும்ப வருமா, அரசுச் சலுகை நான் பதிவு செய்த நாளைப் பொறுத்ததா டெலிவரி நாளைப் பொறுத்ததா. தயாரிப்பு எண்ணை விளம்பரத்தில் பார்த்தால் டெலிவரி எண்ணையும் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காலாண்டு முடியும் வாரத்தில் இன்றே வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று அழைத்தால் பகல் வெளிச்சத்தில் போங்கள், பெயிண்ட், கண்ணாடி, கதவு இடைவெளி எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்து, குறை இருந்தால் எழுதி வாங்கிக்கொண்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள், அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது.