செகண்ட் ஹேண்ட் கேட்டலிஸ்ட் 24 போர்ட் சுவிட்ச்: ஆறு மாத அனுபவம்

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபாக்டரியில் கம்ப்யூட்டர், நெட்வொர்க் எல்லாம் நான்தான் பார்க்கிறேன். போன ஐப்பசி மழையில் இடி விழுந்து, கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் பழைய நெட்வொர்க் சுவிட்ச் போய்விட்டது. பச்சை இலை எடை போடும் இடத்துக் கம்ப்யூட்டர் ஆபீஸ் சர்வரோடு பேசவில்லை, வெளியே விவசாயிகள் மூட்டையோடு வரிசையில் நிற்கிறார்கள், எடையை நோட்டில் எழுதிச் சமாளித்தோம். சுவிட்சின் செட்டிங் எல்லாம் இருக்கும் கான்ஃபிக் ஃபைலை நான் வேறெங்கும் எடுத்து வைத்திருக்கவில்லை. இருந்த ஒரு ஸ்பேரில் வி-லேன்களை (ஒரே சுவிட்சைத் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிக்கும் செட்டிங்) ஞாபகத்தில் இருந்து ஒவ்வொன்றாகத் தட்டி முடிக்கும்போது இருட்டிவிட்டது.

அதற்கப்புறம் கோயம்புத்தூரில் இருந்து வாங்கியதுதான் இந்த சிஸ்கோ கேட்டலிஸ்ட். போர்ட் எல்லாம் நன்றாக இருக்கிறது, ஃபேன் சத்தம் ஆபீஸ் அறையில் கொஞ்சம் கேட்கும், அவ்வளவுதான். நான் சொல்ல வந்தது ஃபைல் அனுப்பி வாங்கும் வசதியைப் பற்றி.

முதலில் டிஎஃப்டிபி என்ற எளிய ஃபைல் அனுப்பும் முறையில் முயன்றேன். யூடிபி 69ஆம் போர்ட், பாஸ்வேர்டே கிடையாது, சின்ன கான்ஃபிக் ஃபைல் கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். ஆனால் சுவிட்சை ஓட்டும் சிஸ்கோ மென்பொருளான ஐஓஎஸ் ஃபைலை ஏற்றும்போது சரியாக 32 எம்பி பக்கம் போய் நின்றுவிட்டது. லேப்டாப்பில் இருந்த டிஎஃப்டிபி மென்பொருள் பழசு. 512 பைட் துண்டுகளாக அனுப்பும், துண்டு எண் 65535-ஐத் தாண்டாது, பெருக்கிப் பாருங்கள், கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. இன்னொரு முறையான எஃப்டிபி-யில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் பாஸ்வேர்ட் அப்படியே வெட்டவெளிச்சமாகப் போகும் என்பதால் எனக்கு மனசு வரவில்லை.

கடைசியில் எஸ்சிபி, அதாவது எல்லாவற்றையும் மறையாக்கம் செய்து ஃபைல் அனுப்பும் முறை. ஹோஸ்ட்நேம், டொமைன் நேம் கொடுத்து 2048 பிட் ஆர்எஸ்ஏ கீ உருவாக்கி, அதற்கு அடிப்படையான எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான இணைப்பை ஓடவிட்டு, 'ஐபி எஸ்சிபி சர்வர் எனேபிள்' கொடுத்தேன். லாகின் ஆகிறது, ஃபைல் மட்டும் போக மறுக்கிறது! யார் என்ன செய்யலாம் என்று முடிவு செய்யும் ஏஏஏ செட்டிங்கில் எக்ஸெக் ஆதரைசேஷன் வரியைச் சேர்த்து, யூசருக்கு முழு அதிகாரமான பிரிவிலேஜ் 15 கொடுத்த பிறகுதான் அனுமதி வந்தது. அப்போதும் என் புது லேப்டாப்பில் இருந்து போகவில்லை. காரணம், லேப்டாப்பில் இருக்கும் எஸ்எஸ்ஹெச் மென்பொருளான ஓபன்எஸ்எஸ்ஹெச்சில், 2022-இல் வந்த 9.0 முதல் எஸ்சிபி கட்டளை உள்ளுக்குள் எஸ்எஃப்டிபி என்ற வேறு முறையைத்தான் பேசுகிறது, இந்த சுவிட்சுக்கு அது தெரியாது. கட்டளையில் ஒரு சின்னக் கோடும் கேப்பிட்டல் 'ஓ'வும் சேர்த்தால் பழைய முறையில் பேசும். சேர்த்தேன், சதவீதம் மளமளவென்று ஏறி நூறைத் தொட்டது. ஏறிய ஃபைலை, பிசகாமல் வந்ததா என்று காட்டும் எம்டி5 எண்ணை வைத்துச் சரிபார்த்துவிட்டுத்தான் ரீலோட் கொடுத்தேன், நீங்களும் அதை விட்டுவிடாதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ஆர்க்கைவ் வசதி. சர்வர் முகவரியை ஒரு தடவை எழுதி, 'ரைட் மெமரி' என்ற வரியையும் அதன் கீழே சேர்த்துவிட்டால் போதும், நான் செட்டிங்கைச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் கான்ஃபிக் தானாக சர்வருக்குப் போய்விடுகிறது. போன மாதம் அந்த ஃபைலை வைத்து ஸ்பேர் சுவிட்சைத் தயார் செய்து பார்த்தேன், ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

விலை, புதிது வாங்குவதில் பாதிகூட இல்லை. தாராளமாக வாங்கலாம். ஆனால் பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே கரண்ட் கொடுத்து, 'ஷோ வெர்ஷன்' தட்டி, ஐஓஎஸ் ஃபைல் பெயரில் 'கே9' இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத பழைய ஐஓஎஸ் என்றால் எஸ்எஸ்ஹெச்சும் கிடையாது, எஸ்சிபியும் கிடையாது.