கியூபாவும் கிரெனடாவும்: இரு தீவுகள், இரு புரட்சிகள்

கரீபியன் தீவான கியூபா 1959-இல் சர்வாதிகாரி பாட்டிஸ்டாவை விரட்டியது. இன்னொரு கரீபியன் தீவான கிரெனடாவில் 1979 மார்ச் 13 அன்று, பிரதமர் எரிக் கெய்ரி வெளிநாட்டில் இருந்தபோது மாரிஸ் பிஷப்பின் இடதுசாரி இயக்கம் ஆட்சியைப் பிடித்தது. அமெரிக்காவுக்கு இரண்டுமே கண்ணில் விழுந்த தூசி.

கியூபா தப்பியதற்கு வல்லரசுப் பேரமும் ஒரு காரணம். 1961-இல் பன்றிகள் விரிகுடாவில் இறங்கிய அமெரிக்க ஆதரவுப் படையைக் கியூபத் தலைவர் காஸ்ட்ரோ முறியடித்தார். மறு ஆண்டு, கியூபா மீது படையெடுக்க மாட்டோம் என்று அமெரிக்க அதிபர் கென்னடி வாக்குக் கொடுக்க, சோவியத் தலைவர் குருஷேவ் கியூபாவில் நிறுத்தியிருந்த ஏவுகணைகளைத் திரும்பப் பெற்றார். காஸ்ட்ரோவை யாரும் கலந்தாலோசிக்கவே இல்லை. ஆனாலும் அந்த வாக்கு கியூபாவுக்குக் கவசமானது.

சுமார் 1 லட்சம் பேர் வாழ்ந்த கிரெனடாவுக்கு அப்படி ஒரு கவசம் கிடையாது. பாயின்ட் சலைன்ஸில் கியூபத் தொழிலாளர்கள் விமான நிலையம் கட்டினார்கள். சுற்றுலாவுக்கு என்றார் பிஷப். ராணுவத்துக்கு என்றார் அமெரிக்க அதிபர் ரீகன். பிஷப் சொன்னதைத்தான் நான் நம்புகிறேன், பின்னாளில் அமெரிக்கப் பணத்திலேயே அது கட்டி முடிக்கப்பட்டதே!

ஆனால் முதல் அடி உள்ளேயிருந்து விழுந்தது. ஆட்சியில் துணைப் பிரதமராக இருந்த பெர்னார்ட் கோர்ட் அணியோடு மோதல் முற்றி, பிஷப் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். 1983 அக்டோபர் 19 அன்று மக்கள் திரண்டு வந்து அவரை மீட்டார்கள். அன்றே ராணுவம் அவரைக் கோட்டைக்குள் சுவரோரம் நிறுத்திச் சுட்டுக் கொன்றது. ஆறே நாளில் அமெரிக்கப் படை வந்திறங்கியது. ஐ.நா. பொதுச்சபையில் 108 நாடுகள் அதைக் கண்டித்து வாக்களித்தன. சரி, கண்டனம் எதைத் தடுத்தது? பிஷப்பை அவருடைய சொந்தத் தோழர்களே கொன்றிராவிட்டால், ரீகனுக்கு அவ்வளவு எளிதில் சாக்கு கிடைத்திருக்காது.