பழைய ஃபில்டர் போகவேண்டிய இடம் செடித் தொட்டியா, செருப்பு அலமாரியா?

எங்கள் சமையலறையில் இரண்டு ஃபில்டர்கள். மேடையில் அம்மா காலத்து எவர்சில்வர் கேண்டில் ஃபில்டர், சுவரில் ஆர்ஓ. சர்வீஸ் முடிந்ததும் தரையில் ஒரு குவியல் மிஞ்சும்: செம்மண் நிறம் ஏறிய ஸ்பன் (சேற்றை வடிகட்டும் இழை உருளை), கரி அடைத்த வெள்ளைக் குழாய்கள், எப்போதாவது ஒரு மெம்பரேன் (உப்பைத் தடுக்கும் படலச் சுருள்). தூக்கிப் போட மனசு வராமல் ஒவ்வொன்றையும் ஏதாவது ஒரு வேலைக்கு வைத்துப் பார்த்திருக்கிறேன். எல்லாம் ஒரே மாதிரி பயன்படுவதில்லை. குடிக்கிற தண்ணீர்ப் பக்கம் மட்டும் எதையும் திரும்பக் கொண்டுபோகக் கூடாது, அதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை.

முதலிடம் கேண்டிலுக்குத்தான், அதாவது எவர்சில்வர் ஃபில்டருக்குள் இருக்கும் பீங்கான் வடிகட்டிக்கு. தேய்த்துத் தேய்த்துச் சுவர் மெலிந்துபோன கேண்டிலை அம்மா எறிய விடமாட்டார். "மண்பானையைப் புதைச்சு செடிக்குத் தண்ணி விடுற மாதிரிதானேடா இதுவும், தொட்டியில வச்சுப் பாரு" என்றார். அவர் சொன்னது சரிதான். நுண்துளை உள்ள பீங்கான் அது. பக்கத்து மண் காய்ந்தால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், ஈரமாக இருந்தால் கசிவு குறையும். வெளிப்புறம் படிந்த வழுவழுப்பைத் தேங்காய் நாரால் சோப்பு போடாமல் தேய்த்துக் கழுவி, மரை உள்ள காம்பு மேலே வரும்படி வேர்ப் பக்கம் புதைக்க வேண்டும். காம்பில் மீன் தொட்டிக்கு விற்கிற மெல்லிய குழாயை மாட்டி, மறுமுனையைத் தண்ணீர் பாட்டிலின் அடிவரை விட்டு, ஒருமுறை உறிஞ்சித் தண்ணீரை இறக்கிவிட்டால் போதும். பாட்டிலை உயரத்தில் வைத்தால் சீக்கிரம் காலியாகிவிடும். மண் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் நிதானமாகக் கசியும். இரண்டு நாள் ஊருக்குப் போகும்போது மல்லிகைக்கு இதை நம்பி விட்டுப் போகிறேன்.

ஒரே நிபந்தனை, கேண்டிலில் விரிசல் இருக்கக் கூடாது. நன்றாக ஊறிய கேண்டிலை வாளித் தண்ணீரில் முக்கிப் பிடித்துக்கொண்டு, காம்போடு மாட்டிய குழாயில் ஊதிப் பாருங்கள். ஈரப் பீங்கான் நம் வாய்க்காற்றை விடாது. ஓரிடத்தில் மட்டும் குமிழி வரிசையாகக் கிளம்பினால் அங்கே விரிசல் இருக்கிறது, அதை ஒதுக்கிவிடுங்கள்.

இதற்குப் போட்டியாகச் சொல்லக்கூடியது கரி. ஆர்ஓ கரி பெரும்பாலும் கொட்டாங்குச்சியைச் சுட்டு, உள்ளே எண்ணற்ற நுண்துளைகள் உண்டாகும்படி பதப்படுத்தியது. குழாயை ஹேக்ஸா பிளேடால் அறுத்தால் கறுப்பு மணிகள் கொட்டும். தூள் பறக்கும் என்பதால் முகக்கவசம் போட்டு, செய்தித்தாள் விரித்துச் செய்யுங்கள். சில குழாய்களுக்குள் மணியாக இல்லாமல் கட்டியாகவே இருக்கும், அதை உடைக்கிற சிரமம் வேண்டாம்.

காயவைத்த மணிகளைப் பழைய சாக்ஸில் கட்டிச் செருப்பு அலமாரியில் போட்டால் வாடை ஓரளவு குறைகிறது. ஓரளவுதான். வெயிலில் வைத்தால் கரி புதுசாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். வெயிலில் ஈரம் போகும், அவ்வளவே. துளைக்குள் பிடித்துவைத்ததை விரட்ட, ஆலையில் 800 டிகிரி செல்சியஸ் போல நீராவியோடு சூடாக்க வேண்டும்.

தொட்டி மண்ணில் கரி கலக்கலாமா? மண் இறுகாமல் இருக்க உதவும் என்பதால் குரோட்டன்ஸுக்கும் மணிபிளாண்டுக்கும் ஒரு கைப்பிடி போடுகிறேன். கீரை, தக்காளிக்குப் போடமாட்டேன். போர் தண்ணீரிலிருந்து அது எதை எதைப் பிடித்து வைத்திருக்கிறதோ, வீட்டில் சோதிக்க வழியில்லை. அதனால் சாப்பிடுகிற செடிக்குக் கேண்டில், அழகுச் செடிக்குக் கரி என்று பிரித்துவிட்டேன்.

ஸ்பன் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அது பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழை. பாத்திரம் தேய்க்க வெட்டி வைத்துக்கொள்ளலாம் என்பார்கள், எனக்குச் சம்மதமில்லை. மாதக்கணக்கில் ஈரத்திலும் சேற்றிலும் ஊறியது, இழையும் உதிரும். மொட்டை மாடியில் போட்டாலும் வெயிலில் நொறுங்கிப் பொடியாகிவிடும். இதை மட்டும் நான் மனசைத் தேற்றிக்கொண்டு குப்பைக்கே அனுப்புகிறேன்.

மெம்பரேனில் பயன்படுவது உள்ளே சுருட்டியிருக்கும் பிளாஸ்டிக் வலை. மேலே ஒட்டிய டேப்பைக் கத்தியால் கீறி விரித்தால் தாளும் வலையுமாக வரும். வலையைக் கழுவி வட்டமாக வெட்டித் தொட்டியின் அடித்துளை மேல் போட்டால் தண்ணீர் போகும், மண் போகாது. ஓட்டாஞ்சில்லு வைப்பதைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது.

பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்தால் பழைய மெம்பரேன் மறுபடி வேகமாகத் தண்ணீர் தரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வேகம் கூடுவது உண்மை. உப்பைத் தடுக்கிற மெல்லிய பாலியமைடு படலத்தைக் குளோரின் அரித்துவிடுவதால்தான் அந்த வேகம். அப்புறம் உப்பும் சேர்ந்தே வரும். மெம்பரேனை வெளியே போடுவதானால், வேறு யார் வீட்டு இயந்திரத்திலும் மறுபடி மாட்ட முடியாதபடி குறுக்கே அறுத்துவிட்டே போடுங்கள்.