ஷிண்டோ ரம்ப அரம்: வில் செதுக்க எதுவரை உதவும்?

ஒற்றை மரத்தில் வில் செய்பவர்கள் பலரின் மேசையில் இன்று கிடக்கும் கருவி ஜப்பானிய ஷிண்டோ ரம்ப அரம். ஹேக்சா பிளேடு போன்ற பட்டைகளை வளைத்து, ரிவெட் அடித்துச் சேர்த்த வலை மாதிரியான உடல். முரட்டுப் பக்கத்தில் அங்குலத்துக்குச் சுமார் 11 பற்கள், மென்பக்கத்தில் 25. மரத்தூள் இடைவெளிகள் வழியே வெளியேறிவிடுவதால் பற்கள் அடைத்துக்கொள்வதில்லை. சாதாரண மர அரத்தை நாலு இழுப்புக்கு ஒருமுறை பிரஷ் போட்டுத் தேய்க்கும் தொல்லை இதில் பெரும்பாலும் இல்லை.

வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம். ஆனால் வில்லின் இரண்டு கைகளையும் (பிடிக்கு இருபுறமும் வளையும் பகுதிகள்) சமமாக வளைய வைக்கும் டில்லரிங் வேலையில் இதன் பங்கு முதல் பாதியோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் இதையே பிடித்துக்கொண்டிருந்தால் நல்ல மரமும் வீணாகும்.

காரணம் எளிய கணக்கு. வில்லின் கை எவ்வளவு விறைப்பாக இருக்கும் என்பது அகலத்துக்கு நேர் விகிதம். தடிமனுக்கோ மும்மடி விகிதம். 12 மில்லிமீட்டர் தடிமனுள்ள இடத்தில் அரை மில்லிமீட்டர் எடுத்தால் அந்த இடத்தின் விறைப்பு சுமார் 12 சதவீதம் குறையும். ஷிண்டோவின் முரட்டுப் பக்கம் ஹிக்கரி போன்ற கடின மரத்தில்கூட அந்த அரை மில்லிமீட்டரைச் சில தள்ளல்களில் எடுத்துவிடும். இந்த வேகம்தான் அதன் பலம், ஆபத்தும் அதுவே.

68 அங்குல நீளம், 28 அங்குல இழுப்பு, 45 பவுண்டு விசை என்ற இலக்கோடு ஒரு ஹிக்கரி தட்டை வில் செய்வதாக வைத்துக்கொள்வோம். கைப்பிடி 4 அங்குலம், அதன் இருபுறமும் பிடி மெலிந்து கையாக மாறும் பகுதி 2 அங்குலம். கையின் அகலம் நடுப்பகுதி வரை 1¾ அங்குலம், நுனியில் ½ அங்குலம். தடிமன் பிடி அருகே 16 மில்லிமீட்டரில் தொடங்கி நுனியில் 12 வரை சீராக இறங்கும்படி இரு பக்கவாட்டிலும் பென்சில் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். கோட்டுக்கு 1 மில்லிமீட்டர் முன்புவரை முரட்டுப் பக்கம், கோடுவரை மென்பக்கம். இந்தக் கட்டத்தில் ஷிண்டோவுக்கு இணையான கைக்கருவி குறைவு. நார் எந்தத் திசையில் ஓடினாலும் அது பொருட்படுத்தாது. இழுப்புக் கத்தி நாரோடு உள்ளே இறங்கிப் பிளந்துவிடும் இடங்களில்கூட இது அடக்கமாக வெட்டும். கணுவைச் சுற்றி மட்டும் மென்பக்கத்தைத் திருப்பிக்கொள்வது நல்லது.

இரண்டு கோடுகளையும் ஒரே தள்ளலில் எட்டப் பார்க்கக் கூடாது. முதலில் ஒரு பக்கக் கோடுவரை சாய்வாக, பிறகு மறுபக்கக் கோடுவரை சாய்வாக எடுத்து, நடுவில் எஞ்சும் மேட்டைக் கடைசியில் இறக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு ஓரம் தடித்து மறு ஓரம் மெலிந்து, நாண் ஏற்றியதும் கை முறுக்கிக்கொள்ளும்.

நீளமும் நேருமான உடல் இன்னொரு நன்மை. நேரான பலகையில் நீளவாக்கில் வைத்துத் தள்ளினால் மேடுகளை மட்டுமே தொடும். ஆனால் பிளந்தெடுத்த மரத்தின் முதுகு, அதாவது இலக்கை நோக்கும் பக்கம், அலையலையாக ஏறி இறங்குமானால் இதே குணம் கெடுதல் செய்யும். அங்கே எய்பவரை நோக்கும் வயிற்றுப் பக்கமும் முதுகின் அலையைப் பின்பற்ற வேண்டும். நேரான அரம் வயிற்றின் மேடுகளைச் சீவித் தள்ளி, அந்தந்த இடங்களை மெலிய வைத்துவிடும். அப்படிப்பட்ட மரத்தில் அரத்தைக் குறுக்குச் சாய்வாகப் பிடித்து, சின்னச் சின்னத் தள்ளலாக வேலை செய்து, இரண்டு அங்குலத்துக்கு ஒருமுறை வெர்னியர் காலிப்பரால் தடிமன் பார்ப்பது அவசியம்.

முதுகில் இந்த அரம் படவே கூடாது. இழுவிசை முழுவதும் அங்கே. அறுபட்ட ஒரு நார் போதும், அங்கிருந்து வில் உடையத் தொடங்கும். முதுகின் ஓரங்களை உருட்டுவதற்கு உப்புத்தாளே சரி.

நுனியைத் தரையில் ஊன்றி, பிடியை அழுத்தி, கை வளைகிறதா என்று பார்க்கும் கட்டம்வரை முரட்டுப் பக்கம் வரலாம். வில்லின் பிடியைத் தாங்கும் சட்டமான டில்லரிங் மரத்தில் வில்லை வைத்து, தளர்வாகத் தொங்கும் நீள நாண் போட்டு, கப்பி வழியே கயிறு இழுக்கத் தொடங்கியதும் மென்பக்கம் மட்டும். சுவரில் சதுரக் கோடுகள் வரைந்து, சில அடி தள்ளி நின்று இழுத்தால் எந்தக் கை அசையாமல் நிற்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். ஆறு அங்குல மரக்கட்டையின் நடுவில் துளையிட்டுப் பென்சில் செருகி, வளைந்த நிலையில் வயிற்றின் மேல் நகர்த்துவதும் நல்ல உத்தி. அதிகம் வளைந்த இடத்தில் முனை தொட்டும் தொடாமலும் இருக்கும்படி பென்சிலை வைத்தால், விறைப்பான இடங்களில் தானே கோடு விழும். அந்தக் கோட்டின் மேல் மட்டும் தேய்க்க வேண்டும். நுனியிலிருந்து ஆறு அங்குலம்வரை விழும் கோட்டை விட்டுவிடலாம். இந்த வடிவத்தில் நுனி சற்று விறைப்பாக இருப்பதே நல்லது.

கீல் வைத்ததுபோல் ஒரே இடத்தில் கை மடங்கினால், அந்த இடத்தைத் தொடவே கூடாது. அதன் இருபுறமும் உள்ள விறைப்பான பகுதிகளை இறக்க வேண்டும். மடங்கும் இடத்தை அப்படியே விட்டு மேலும் இழுத்தால் வயிற்றில் நாருக்குக் குறுக்கே மெல்லிய சுருக்கங்கள் தோன்றும். மரம் நசுங்கியதற்கான அடையாளம் அது. தேய்த்து எடுத்தாலும் பலவீனம் தீராது.

ஒவ்வொரு முறை மரம் எடுத்த பிறகும், அதுவரை எட்டிய இழுப்பிலேயே இருபது, முப்பது தடவை இழுத்து விட வேண்டும். எடுத்ததன் பலன் அதற்குப் பிறகுதான் வளைவில் தெரியும். அவசரக்காரர்கள் இதை விட்டுவிட்டு மறுபடி அரத்தை எடுப்பதால்தான் 45 பவுண்டு வில் 30 பவுண்டில் போய் முடிகிறது. எந்தக் கட்டத்திலும் இலக்கு விசையைத் தாண்டி இழுக்கவும் கூடாது.

எய்யும்போது உள்ளதுபோல் வில்லை வளைத்து நிறுத்தும் குட்டை நாண் ஏற்றியதும் ஷிண்டோவைப் பெட்டியில் வைத்துவிடலாம். மென்பக்கமும் வரிவரியாகத் தடம் விடும். தடத்தின் பள்ளமும் மேடும் சேர்ந்து காலிப்பர் அளவை ஏமாற்றும். மேட்டைச் சமன் செய்யும்போதே சில பவுண்டுகள் கரைந்துவிடும். இங்கிருந்து வேலை, மெல்லிய சீவலாகச் சுரண்டும் ஸ்கிரேப்பர் தகட்டுக்கு உரியது. முழு இழுப்பை எட்டும்போது இலக்கைவிட ஐந்து பவுண்டாவது கூடுதலாக இருந்தால், உப்புத்தாளும் முதல் சில நூறு அம்புகளும் அதைச் சரிக்கட்டும். அம்புக்கு மேலே ஒரு விரல், கீழே இரண்டு விரல் வைத்து எய்பவருக்கு மேல்கை சற்றே இளக்கமாக இருக்க வேண்டும்: கைப்பிடி முடியும் இடத்தில் நாணுக்கும் வயிற்றுக்கும் உள்ள இடைவெளி கீழ்க்கையைவிட மேல்கையில் 3 முதல் 6 மில்லிமீட்டர் கூடுதல். இந்த நுண்மையை எந்த அரத்திடமும் எதிர்பார்க்க முடியாது.

குறைகளும் உண்டு. உடல் தட்டையானது என்பதால் பிடி கையோடு சேரும் குழிவளைவில் இறங்காது. அங்கே அரைவட்ட அரம் தனியாக வேண்டும். மழுங்கிய பற்களைத் தீட்ட வழியில்லை, புதிது வாங்குவதுதான். தள்ளும்போது மட்டும் அழுத்தி, திரும்பும்போது தூக்கிவிட்டால் பற்கள் நீண்ட நாள் உழைக்கும். மூங்கில் ஒட்டிய வில்லில் வேலை செய்தால் மூங்கிலின் வெளித்தோலில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள சிலிக்கா கூர்மையை விரைவில் தின்றுவிடும்.

கைப்பிடியில் இரண்டு வகை விற்கிறார்கள்: இழைப்புளி போல மேலே பிடி வைத்தது, அரம்போல நுனியில் பிடி வைத்தது. வில் வேலைக்கு இரண்டாவதையே வாங்குங்கள். மணிக்கட்டைத் திருப்பினால் பக்கம் மாறிவிடும், மறுமுனையை இன்னொரு கையால் பிடித்து அழுத்தத்தைக் கட்டுப்படுத்தவும் முடியும். இழைப்புளி வகையில் பிடி ஒரு பக்கத்தை அடைத்துக்கொண்டு நிற்பதால், முரட்டுப் பக்கத்திலிருந்து மென்பக்கத்துக்கு மாறச் சோம்பல்பட்டு, மாற வேண்டிய நேரம் தாண்டிவிடும்.